டி டிரைவ் 'ரா' என்று காட்டுகிறது, கணினியும் பூட் ஆகவில்லை: எதை முதலில் செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு டிரைவ். லினக்ஸ் போட இடம் தேவைப்பட்டதால், பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸைத் திறந்து, டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் கருவி மூலம் டி டிரைவைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் 'பூட் செய்ய டிவைஸ் எதுவும் இல்லை' என்று கருந்திரை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் சி திறக்கிறது. டி 'ரா' என்று காட்டி, 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது. ஃபார்மட் செய்யலாமா? விண்டோஸை எப்படித் திரும்ப எழுப்புவது?

ஃபார்மட் செய்யாதீர்கள். அந்தப் பெட்டி எத்தனை முறை வந்தாலும் கேன்சல் கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கும்போது 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டால் அதற்கும் இதே பதில்தான். விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க்கையும் இப்போதைக்கு ஓட்ட வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். டி டிரைவின் கோப்பு அமைப்பு, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஏற்பாடு, பாதி வேலையில் அறுந்திருக்கிறது, அது ஒன்று. சி டிரைவில் விண்டோஸ் அப்படியே இருந்தும் கணினி அதைக் கண்டுபிடிக்கவில்லை, அது இன்னொன்று. ஒரே மின்வெட்டில் இரண்டும் நடந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் டி-யைச் சுருக்குவதற்கும் சி பூட் ஆவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் வேலையின் வரிசையும் தானாக வந்துவிடும்: முதலில் டி-யில் இருக்கும் கோப்புகள், அவை பத்திரமான பிறகே பூட். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கணினி ஓடினால் போதும் என்று விண்டோஸை மறுபடி நிறுவப் போய், அந்தத் திரையில் பெயரில்லாமல் வரிசையாகத் தெரியும் பார்ட்டிஷன்களில் (டிஸ்க்கின் பகுதிகளில்) தவறானதை அழித்துவிடுகிறார்கள். தரவு உண்மையில் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், மின்வெட்டில் அல்ல.

'ரா' என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு சிறிய அட்டவணை சொல்கிறது. பழைய எம்பிஆர் முறையில் அது டிஸ்க்கின் முதல் செக்டாரிலேயே, அதாவது முதல் சிறு துண்டிலேயே இருக்கும். மொத்தம் 512 பைட். அதில் பூட் நிரலுக்கு 446 பைட், நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு 64 பைட், கடைசி 2 பைட் ஒரு அடையாளக் குறி. ஜிபிடி முறையில் அட்டவணை பெரியது. வழக்கமாக 128 பார்ட்டிஷன்கள் வரை பதியலாம், அதன் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், இரண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. எதுவானாலும் அது வெறும் பத்திரம். பத்திரம் கிழிந்தால் நிலம் எங்கும் போய்விடாது.

'ரா' என்பது இதற்கு அடுத்த படி. அட்டவணையில் பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் தனக்குத் தெரிந்த கோப்பு அமைப்பு எதுவும் இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு அமைப்பு என்டிஎஃப்எஸ். அந்த பார்ட்டிஷனின் முதல் செக்டாரில்தான் அதன் அடையாளமும் அளவுகளும் இருக்கும். அது சிதைந்தாலோ, அட்டவணை சொல்லும் தொடக்கப் புள்ளி சற்று மாறிப்போனாலோ 'ரா' என்று வந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நன்றாக இருக்கும் லினக்ஸ் பார்ட்டிஷனையும் விண்டோஸ் 'ரா' என்றுதான் காட்டும், சில நேரம் ஃபார்மட் செய்யவும் கேட்கும். எனவே 'ரா' என்ற ஒரு சொல்லை வைத்துத் தரவு போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

இப்போது நீங்கள் நினைவுபடுத்திப் பார்க்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது: டி-யை எந்தப் பக்கத்திலிருந்து சுருக்கினீர்கள்? வலது பக்கம், அதாவது முடிவிலிருந்து என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. புதிய எல்லைக்கு வெளியே விழும் கோப்புத் துண்டுகளை மட்டும் உள்ளே நகர்த்தினால் போதும், தொடக்கப் புள்ளி மாறாது. இடது பக்கத்திலிருந்து என்றால் ஜிபார்ட்டட் முதலில் சுருக்கிவிட்டு, பிறகு முழுத் தரவையும் புதிய தொடக்கத்துக்கு நகர்த்தும். அது பல மணி நேரம் ஓடும் வேலை. நடுவில் நின்றால் ஒரு பகுதி புது இடத்திலும் மீதி பழைய இடத்திலும் கிடக்கும். எந்த ஒரு தொடக்கப் புள்ளியைக் கொடுத்தாலும் பாதிதான் பொருந்தும். அட்டவணையைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில், கோப்புகளின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக் போன்ற கருவிதான் கைகொடுக்கும். கோப்புப் பெயர்களும் ஃபோல்டர் அமைப்பும் திரும்ப வராது, பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகளும் கிடைப்பது கடினம். படங்களும் ஆவணங்களும் பெருமளவு வரும்.

எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்பும் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் நான் முதலில் பார்ப்பவை 5, 197, 198 ஆகிய எண்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை, 198 படிக்கவே முடியாது என்று உறுதியானவை. இந்த அட்டவணை பல மென்பொருள்களில் பதினாறடிமானத்தில் தெரியும், அங்கே 197 என்பது சி5 என்றும் 198 என்பது சி6 என்றும் இருக்கும். இவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது, கோப்பு அமைப்பைப் பழுதுபார்க்கும் யோசனையை விட்டுவிட்டு நகலெடுக்க வேண்டும். 199 மட்டும் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் பாதிப்பைக் கூட்டத்தான் செய்யும்.

அடுத்தது நகல். 1 டெராபைட் டிஸ்க்குக்கு அதே அளவோ பெரிதோ இன்னொரு டிஸ்க் வேண்டும். வாங்க வேண்டியிருந்தால் வாங்கிவிடுங்கள், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். லைவ் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் செக்டார் செக்டாராக நகலெடுக்கலாம். நன்றாகப் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, தொல்லை தரும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும், அதனால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் ஓட்டாதீர்கள். எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் பார்த்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி இருக்க வேண்டாம், அவை பூட்டுக்குப் பூட் இடம் மாறலாம். இரண்டும் மாறிப்போனால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

நகல் கையில் வந்த பிறகு தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் கருவியை நகலின் மேல் ஓட்டுங்கள். அனலைஸ், பிறகு குயிக் சர்ச். கிடைக்காவிட்டால் டீப்பர் சர்ச். அது கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் நின்று 'பி' விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளைக் காட்டும். உங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் சரியான எல்லை கிடைத்துவிட்டது. உடனே 'ரைட்' கொடுக்கும் ஆசை வரும். அதற்கு முன் அங்கேயே கோப்புகளைத் தேர்ந்தெடுத்து வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அட்டவணையை எழுதாமலேயே தரவு வெளியே வந்துவிடும். எல்லை சரியாக இருந்தும் கோப்புகள் தெரியவில்லை என்றால் அட்வான்ஸ்டு பகுதியில் பூட் என்பதற்குள் போங்கள். என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டாரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். அதை எடுத்து முன்னால் எழுதும் வசதி அங்கே உண்டு. பாதியில் நின்ற சுருக்கத்தில் இன்னொரு சிக்கல் வரலாம்: அட்டவணையில் புதிய எல்லை எழுதப்பட்டிருந்தால், பழைய நகல் இப்போது பார்ட்டிஷனுக்கு வெளியே கிடக்கும். டீப்பர் சர்ச் பழைய எல்லையையும் புதிய எல்லையையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டையும் 'பி' அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

ஒரு இடைக்குறிப்பு. டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பார்க்கிறீர்கள் என்றால், எல்லாமே காலி என்று தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 பைட்டாக மாற்றிச் சொல்லும். அப்போது அட்டவணையின் எண்கள் எல்லாம் தவறான இடத்தைக் காட்டும். மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

செக்டிஸ்க்கை ஏன் தள்ளி வைக்கச் சொன்னேன் என்றால், அதன் வேலை கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் நோக்கத்தில் இல்லை. பொருந்தாத பதிவைக் கண்டால் வெட்டிவிட்டு நகரும். பெயரில்லாத துண்டுகளை ஒரு மறைவான ஃபோல்டரில் போட்டுவிடும். 'ரா' நிலையில் அது ஓடவும் செய்யாது, 'ரா டிரைவில் இயலாது' என்று நின்றுவிடும். டெஸ்ட்டிஸ்க் முதல் செக்டாரைச் சரிசெய்து, டிரைவ் திறந்து, கோப்புகளும் வெளியே வந்த பிறகு ஓட்டுங்கள், அப்போது அது நல்ல கருவி.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாகக் குயிக் ஃபார்மட் செய்தாலும் பழைய தரவு கீழே கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு இருப்பதால், இந்தப் பகுதி இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொன்னதும் டிரைவே அதைத் துடைத்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. அதனால் 'கேன்சல்' என்ற சொல் அங்கே இன்னும் முக்கியம்.

சரி, தரவு பத்திரமாகிவிட்டது. இனி பூட்.

பூட் பிரச்சினையில் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்காமல் அடித்தால், சரியாக இருக்கும் ஒன்றைக் கெடுத்துவிட வாய்ப்பு அதிகம். திரையில் வரும் வாக்கியமே படியைச் சொல்லிவிடும். 'பூட் டிவைஸ் இல்லை' என்றால் மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கே (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) டிஸ்க்கோ அதிலுள்ள பூட்லோடரோ (விண்டோஸை ஏற்றும் சிறு நிரல்) தெரியவில்லை. நீலத் திரையில் 0எக்ஸ்சி000000இ போன்ற எண் வந்தால் விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்துவிட்டது, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்திருக்கும் கோப்புதான் தவறு. விண்டோஸ் சின்னம் வந்த பிறகு 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் ஏறிவிட்டது, அதற்கு டிஸ்க்கை அடையும் டிரைவர் இல்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால் லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் முதல் துண்டு ஓடுகிறது, மீதி இருந்த லினக்ஸ் பார்ட்டிஷனைக் காணோம். நான்கும் வெவ்வேறு நோய்கள். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

உங்களுடையது முதல் வகை. மின்வெட்டுக்குப் பின் வந்திருப்பதால், டிஸ்க்கைத் தொடாமலேயே பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பயாஸ் (ஃபர்ம்வேரின்) அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் நிறுவிய விண்டோஸை ஃபர்ம்வேர் இப்போது பழைய லெகசி முறையில் தேடலாம், அல்லது இதற்கு நேர்மாறாக. பூட் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வேறு கணினியில் தெரிந்த டிஸ்க் இது.

எந்த முறையில் நிறுவப்பட்டது என்று எப்படி அறிவது? டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டியிருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஜிபிடி என்றிருந்து, தொடக்கத்தில் 100 மெகாபைட் அளவில் பூட் கோப்புகளுக்கான ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் ஒன்று இருந்தால் யூஇஎஃப்ஐ. எம்பிஆர் என்றிருந்தால் லெகசி. விண்டோஸ் இந்த இணைகளில்தான் பூட் ஆகும்: ஜிபிடி-க்கு யூஇஎஃப்ஐ, எம்பிஆர்-க்கு லெகசி. ஃபர்ம்வேரில் அதற்கேற்ற முறையைத் தேர்ந்து, சேமித்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பல கணினிகள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

அமைப்பு மாற்றும்போது சாட்டா முறையை, அதாவது கணினி டிஸ்க்கோடு பேசும் முறையைக் கவனியுங்கள். விண்டோஸ் நிறுவியபோது ரெய்டு முறையில் இருந்து இப்போது ஏஹெச்சிஐ ஆகிவிட்டிருந்தால், மேலே சொன்ன 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை வரும். முன்பிருந்த முறைக்கே திருப்பிவிட்டால் போதும். டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் ஃபர்ம்வேரில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கும். சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முறை சரியாக இருந்தும் எழவில்லை என்றால் பூட்லோடரைத் திரும்ப எழுத வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போங்கள். யூஇஎஃப்ஐ என்றால் பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்யுங்கள். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். உங்கள் சி அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம், எனவே விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜிபிடி டிஸ்க்குக்கு 'பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்' என்று எல்லாரும் சொல்வார்கள். அது பலமுறை 'அக்ஸஸ் டினைட்' என்றுதான் பதில் தரும், அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்து கொடுத்துவிட்டு, 'பிசிடிபூட்' கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, எழுதவேண்டிய பார்ட்டிஷன் எது, வகை யூஇஎஃப்ஐ என்ற மூன்றையும் சொன்னால், பூட் கோப்புகளைப் புதிதாக வைத்து ஃபர்ம்வேரிலும் பதிந்துவிடும். எம்பிஆர் டிஸ்க்கில் சிஸ்டம் பார்ட்டிஷன் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜிபார்ட்டட் வேலையில் அந்தக் குறி இடம் மாறியிருக்கலாம். 'ஃபிக்ஸ்எம்பிஆர்', 'ஃபிக்ஸ்பூட்' இரண்டுக்கும் வேலை இருப்பது இங்கேதான். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்ற கட்டளை முழு அட்டவணையையும் உறுதிகூடக் கேட்காமல் அழித்துவிடும். அதன் பக்கமே போகாதீர்கள்.

எல்லாம் எழுந்தபின் லினக்ஸ் போடும் எண்ணம் இன்னும் இருந்தால், தாராளமாகப் போடுங்கள். இந்த முறை என்டிஎஃப்எஸ் டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். அது முடிவுப் பக்கத்திலிருந்து மட்டும்தான் சுருக்கும், ஆபத்தான நகர்த்தல் அங்கே கிடையாது. காலியிடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று சொன்னால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. சி டிரைவில் அது பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரெஸ்டோர் பாயின்ட்கள் ஆகியவை. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதே டிரைவில் எழுதினால் கோப்பு அமைப்பு குழம்பிவிடும். லினக்ஸ் நிறுவியிடம் புதிதாகக் கிடைத்த காலியிடத்தை மட்டும் கொடுங்கள். இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். அப்புறம் என்றாவது லினக்ஸை நீக்க நினைத்தால், எம்பிஆர் கணினியில் விண்டோஸின் பூட் நிரலை முதலில் திரும்ப எழுதிவிட்டு அந்தப் பார்ட்டிஷனை அழியுங்கள். 'கிரப் ரெஸ்க்யூ' திரையில் மாட்டுகிறவர்களில் பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள். யூஇஎஃப்ஐ கணினியில் கவலை குறைவு, பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தால் போதும்.

டி-யை இடது பக்கத்திலிருந்து சுருக்கியிருந்து, அதில் வேறெங்கும் நகல் இல்லாத வேலை இருக்கிறது என்றால், டிடிரெஸ்க்யூ நகலோடு நிறுத்திக்கொண்டு, மூல டிஸ்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய அளவு, புதிய அளவு, எத்தனை சதவீதத்தில் மின்சாரம் போனது என்று நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தரவு மீட்பவரிடம் கொடுக்கும்போது அந்த எண்களை வைத்துத்தான் இரண்டு பாதிகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அவர் தேடத் தொடங்குவார்.